லடாக்கா, ஸ்பிதியா, பத்ரியா, சிக்கிமா? வேலூரிலிருந்து ஒரு மலைப்பயணக் கணக்கு

வேலூர் கடல் மட்டத்திலிருந்து இருநூறு மீட்டர் சொச்சம் உயரத்தில் இருக்கிறது. லடாக்கின் லே நகரம் 3,500 மீட்டரில் இருக்கிறது. காலையில் தில்லியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் அங்கே இறங்கிவிடலாம். இமயமலைப் பக்கம் விடுமுறைக்குப் போக நினைக்கும் நம் ஊர்க் குடும்பம் முதலில் யோசிக்க வேண்டியது இந்த ஏற்றத்தைப் பற்றித்தான். எந்த ஏரி நீலமாக இருக்கிறது, எந்த மடாலயம் படத்தில் அழகாக விழுகிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகு வர வேண்டிய கேள்விகள்.

டிராவல்ஸ்காரர்கள் தரும் அட்டவணையில் ஊர்ப் பெயர் இருக்கும், ஓட்டல் பெயர் இருக்கும், காலைச் சிற்றுண்டி உண்டா என்றுகூட இருக்கும். எந்த இரவு எத்தனை மீட்டர் உயரத்தில் தூங்கப் போகிறோம் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. நான்கு மலைப் பகுதிகளை இங்கே ஒப்பிடும்போது அந்த ஒரு கணக்கைத்தான் முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். அடுத்தது, ஒரே ஊரில் எத்தனை நாள் இருக்க முடியும் என்பது. மலை மக்களின் வழிபாடும் உணவும் வீடும் ஜீப் ஜன்னலுக்கு வெளியே ஓடும் காட்சிகள் அல்ல. ஓர் ஊரில் இரண்டு காலையாவது விழித்தால்தான் அவை கண்ணில் படும்.

இந்த ஒப்பீடு என் அண்ணன் குடும்பத்துக்காகத் தொடங்கியது. அண்ணன், அண்ணி, கட்டடக்கலை படிக்கும் மகள், ஒன்பதாம் வகுப்பு மகன், அறுபத்தேழு வயதில் ரத்த அழுத்த மாத்திரையோடு இருக்கும் பெரியம்மா. மகனுக்கு லடாக். “சித்தப்பா, பாங்காங் ஏரியைப் பார்க்காமல் இமயமலைக்குப் போய்வந்தேன் என்று எப்படிச் சொல்வது?” என்கிறான். மகளுக்குப் பழைய மடாலயங்களின் சுவரோவியங்கள். அண்ணிக்குப் பனிமலை தெரிய வேண்டும், அதற்காக மூச்சுத் திணறக் கூடாது. பெரியம்மாவுக்கு ஒரே ஆசை, பத்ரிநாதர். இப்படி ஆளுக்கொரு திசையில் இழுக்கும் குடும்பங்கள் ஆற்காட்டிலும் குடியாத்தத்திலும் எத்தனையோ இருக்கும்.

உயரம் உடலில் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 3,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 5,300 மீட்டருக்கு மேல் ஏறத்தாழ பாதி. மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவில் குறைகிறது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை முதல் அறிகுறிகள். அவற்றைப் பொருட்படுத்தாமல் மேலும் ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும். அந்த நிலையில் உறுதியான சிகிச்சை உடனே கீழே இறங்குவதுதான். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. உடல் வலிமைக்கும் இதற்கும் தொடர்பில்லை. சோளிங்கர் மலையின் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட படிகளை மூச்சு வாங்காமல் ஏறும் இளைஞனுக்கும் லேயில் தலை வெடிக்கும். வேகமாக ஏறுகிறவன் என்பதால் அவனுக்கு ஆபத்து கூடுதல் என்றுகூடச் சொல்லலாம்.

கணியம்பாடிப் பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே நம் பக்கத்தில் சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பும் ஊர். லே, திராஸ், சியாச்சின் என்ற பெயர்களைச் சுற்றுலா விளம்பரங்களுக்கு வெகுகாலம் முன்பே அறிந்த ஊர். ராணுவத்தில் உயரமான இடத்துக்கு அனுப்பப்படும் வீரரை 9,000 அடி முதல் 12,000 அடி வரையுள்ள நிலையில் ஆறு நாள் வைத்துப் பழக்குகிறார்கள். அதற்கு மேல் 15,000 அடி வரை போக இன்னும் நான்கு நாள், அதையும் தாண்ட மேலும் நான்கு நாள். இருபத்தைந்து வயதில், அன்றாடம் ஓடிப் பயிற்சி எடுத்த உடலுக்கே இந்த ஏற்பாடு. ஐந்து இரவு, ஆறு பகல் பேக்கேஜில் பெரியம்மாவை மூன்றாம் நாளே கர்துங் லா கணவாய்க்கு ஏற்றும் அட்டவணையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கர்துங் லாவின் உயரம் 5,359 மீட்டர்.

இதனால் லடாக் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான்கில் மனத்தை மிக ஆழமாக அசைக்கும் நிலம் அதுதான். மரமற்ற மலைகள் ஊதாவும் காவியுமாக நிற்கும்; நடுவே சிந்து நதிக் கரையில் மட்டும் ஒரு பச்சைக் கோடு. திக்ஸே மடாலயம் ஒரு குன்று முழுவதும் படிப்படியாகக் கட்டி ஏறியிருக்கும். ஹெமிஸ் மடாலயத்தில் ஜூன் இறுதியிலோ ஜூலையிலோ இரண்டு நாள் நடக்கும் திருவிழாவில் துறவிகள் முகமூடி அணிந்து ஆடுகிறார்கள். திபெத்திய பௌத்தத்தின் குருவான பத்மசம்பவருக்கான விழா அது. நுப்ராப் பள்ளத்தாக்கின் கடைக்கோடியில், 1971 போரில் இந்தியாவோடு சேர்ந்த துர்துக் என்ற பால்டி முஸ்லிம் கிராமம் இருக்கிறது. பௌத்த லடாக்கை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அந்த ஊரின் மொழி, ஆப்ரிகாட் பழத் தோப்பு, கல் வீடு எல்லாம் வேறோர் உலகம்.

மகள் கேட்ட ஓவியங்களுக்கு ஆல்ச்சி. பதினொன்று, பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறு கோயில்கள். உள்ளே நுண்ணெழுத்துப் போன்ற சித்திரங்கள். மலையாம்பட்டுப் பக்கத்து ஆர்மாமலைக் குகையில் சமண ஓவியம் மங்கி அழிந்து கிடப்பதைப் பார்த்து வருந்திய கண்ணுக்கு, ஆல்ச்சியில் நிறம் அப்படியே நிற்பதைக் காணும்போது கிடைக்கும் நிறைவு பெரிது. இன்னொரு நன்மையும் உண்டு. ஆல்ச்சி சுமார் 3,100 மீட்டரில், லேயைவிடத் தாழ்வாக இருக்கிறது. விமானத்தில் இறங்குகிறவர்கள் லே கடைத்தெருவில் சுற்றாமல் நேராக ஆல்ச்சிப் பக்கம் போய் முதல் இரண்டு மூன்று இரவு தங்கினால் உடலுக்கும் நல்லது, பார்க்க வந்ததையும் பார்த்ததாகும். இப்படிச் செய்யும் பேக்கேஜ் அரிது. நாமே கேட்டு மாற்றச் சொல்ல வேண்டும்.

இதைவிடச் சிறந்த வழி ஸ்ரீநகரிலிருந்து சாலையில் போவது. 1,600 மீட்டரில் தொடங்கி, ஜோஜி லா கணவாயைக் கடந்து, திராஸில் 1999 கார்கில் போர் நினைவிடத்தில் நின்று, 2,700 மீட்டர் உயரமுள்ள கார்கில் நகரில் தூங்கி, மறுநாள் லாமாயூரு வழியாக லே சேரலாம். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் குளிரில் நின்ற நிலத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போவது வெறும் சுற்றுலாவுக்கு மேலான விஷயம் என்று நினைக்கிறேன். மணாலி வழியில் ஏறுவதை நான் சொல்ல மாட்டேன்; 4,290 மீட்டர் உயரத்து சர்ச்சு கூடாரத்தில் தூங்கும்படி அந்த வழி அமைந்திருக்கிறது.

ஆக, லடாக்குக்குக் குறைந்தது பத்துப் பன்னிரண்டு நாள் ஒதுக்க வேண்டும். ஜூன் பாதி முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். இதயக் கோளாறோ கட்டுப்படாத ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. நம் ஊரில் அதற்கு மருத்துவருக்குப் பஞ்சமா? வெளிமாநில பிரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள், போஸ்ட்பெய்ட் வேண்டும். விமானச் செலவு நான்கு இடங்களில் இங்கேதான் அதிகம். அண்ணன் மகனுக்கு என் பதில் இதுதான்: கல்லூரி சேர்ந்த பிறகு நண்பர்களோடு, ஸ்ரீநகர் வழியாக, அவசரமில்லாமல் போ. பாங்காங் எங்கும் ஓடிவிடாது.

பெரியம்மாவின் பத்ரிக்கு வருகிறேன். தமிழில் திருவதரி எனப்படும் பத்ரி நூற்றெட்டு திவ்ய தேசங்களில் ஒன்று, ஆழ்வார்கள் பாடியது. போகும் வழியில் தேவப்பிரயாகையும் ஜோஷிமட்டும் திவ்ய தேசங்களே. கேதாரநாத் தேவாரப் பாடல் பெற்ற தலம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் பாடப்பட்ட இமயமலை இது. லடாக்கிலும் சிக்கிமிலும் நாம் விருந்தாளிகள். பத்ரி வழியே ஓடும் அலக்நந்தா ஆற்றின் கரையில் அப்படித் தோன்றாது. பத்ரியின் தலைமை அர்ச்சகர் கேரளத்து நம்பூதிரி. கேதாரத்தின் ராவல், அதாவது தலைமைக் குரு, கர்நாடகத்து வீரசைவர். தெற்கும் இமயமும் இப்படித் தொடர்பு அறாமல் இருப்பதை நேரில் காண்பதே ஒரு பண்பாட்டுப் பயணம்.

உயரக் கணக்கில் பத்ரிக்கும் கேதாரத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. பத்ரி சுமார் 3,100 மீட்டர். கோயில் வரை சாலை இருக்கிறது. முந்தைய இரவை 1,900 மீட்டர் அளவிலுள்ள ஜோஷிமட்டில் கழித்துவிட்டு மேலே போய்த் தரிசனம் செய்யலாம். கேதாரம் 3,583 மீட்டர். 2,000 மீட்டர் உயரத்திலுள்ள கௌரிகுண்டிலிருந்து 16 கிலோமீட்டருக்கும் மேல் நடை, அதுவும் ஒரே நாளில். வயதானவர்கள் விரதமிருந்த வயிற்றோடு இதை ஏறுவதைப் பார்க்கும்போது என் மனம் பதைக்கிறது. குதிரையில் போனாலும் ஹெலிகாப்டரில் போனாலும் காற்றின் கனம் மாறப்போவதில்லை. பெரியம்மாவுக்குப் பத்ரி சரி; கேதாரத்தை அவர் ஊகிமட்டில் வணங்கலாம். குளிர்காலத்தில் கேதாரநாதர் எழுந்தருளும் ஓங்காரேஸ்வரர் கோயில் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் யாத்திரையையும் விடுமுறையையும் ஒன்றாகக் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. மே, ஜூனில் அந்தச் சாலையில் நிற்கும் கூட்டமும் முன்பதிவுக் கட்டாயமும் பிள்ளைகளைச் சலிக்கவைக்கும். அவர்களுடைய சலிப்பு பெரியம்மாவின் தரிசனத்தைக் கெடுக்கும். 2013 ஜூன் வெள்ளத்தையும், 2023 தொடக்கத்தில் ஜோஷிமட்டில் வீடுகள் விரிசல் விட்டதையும் மறந்துவிட முடியாது. மழை ஓய்ந்த செப்டம்பர் இறுதி முதல் நடை சாத்தும் வரை உள்ள வாரங்களே பத்ரிக்கு ஏற்றவை. பெரியம்மாவும் அண்ணனும் மட்டும் அப்போது போய், மானா கிராமத்தில் கம்பளி நெய்யும் பெண்களோடு ஒரு பிற்பகலைக் கழித்துவிட்டு வரட்டும்.

இமாச்சலப் பிரதேசத்தின் கின்னோரும் ஸ்பிதியும் நம் பக்கத்தில் அதிகம் பேர் கேள்விப்படாத தேர்வு. என் சொந்த விருப்பம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். காட்பாடியில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறினால் ஒன்றரை நாளில் தில்லி. அங்கிருந்து கால்கா, கால்காவிலிருந்து 1903 முதல் ஓடும் சிறு ரயிலில் நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்கங்களைக் கடந்து சிம்லா. பிறகு சட்லஜ் நதியை ஒட்டிச் சாலை. இந்த வழியின் அருமை அதன் படிக்கட்டு அமைப்பில் இருக்கிறது. சிம்லா 2,200 மீட்டர், சராஹனும் ஏறத்தாழ அதே உயரம், கல்பா 2,960, தாபோ 3,280, காஸா 3,600க்கு மேல். மலை மருத்துவ விதியைக் கையில் வைத்துக்கொண்டு யாரோ சாலை போட்டதைப் போல இருக்கிறது. ஊருக்கு ஓர் இரவோ இரண்டு இரவோ தங்கினால் உடல் தானாகப் பழகிவிடும்.

வழி நெடுகப் பண்பாடு மாறிக்கொண்டே வருவதைக் கண்ணால் காணலாம். சராஹனில் பீமாகாளி கோயில். மரமும் கல்லும் மாறி மாறி அடுக்கிக் கட்டிய கோபுரங்கள். கட்டடக்கலை படிக்கும் பெண்ணை அங்கே விட்டால் ஒரு நாள் முழுக்க அந்தச் சுவரை வரைந்துகொண்டிருப்பாள். கல்பாவில் எதிரே கின்னர் கைலாசம். அதன் முகட்டில் தனியே நிற்கும் பாறைத் தூணைச் சிவலிங்கமாக வணங்குகிறார்கள். வெயில் சாயச் சாய அதன் நிறம் மாறும். பச்சைப் பட்டை வைத்த தொப்பி அணிந்த கின்னோர்க்காரர்கள் இந்துத் தெய்வத்தையும் பௌத்த லாமாவையும் ஒரே வீட்டில் வைத்து வணங்குவார்கள். நாகோ கிராமத்தைத் தாண்டியதும் மரம் போய்விடுகிறது, மண் வீடுகள் வருகின்றன, எல்லா ஊரிலும் வெள்ளை ஸ்தூபிகள்.

தாபோ மடாலயம் கி.பி. 996இல் நிறுவப்பட்டது. தஞ்சையில் ராஜராஜன் ஆண்டுகொண்டிருந்த காலம். தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக நம் பொன்னையாற்றங்கரை மேல்பாடியில் அவர் எடுப்பித்த பள்ளிப்படைக் கோயிலைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காலக்கணக்கு உடனே மனத்தில் உறைக்கும். இங்கே கருங்கல், அங்கே வெறும் மண் சுவர். அந்த மண் சுவருக்குள் சுதைச் சிற்பங்களும் ஓவியங்களும் ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டி நிற்கின்றன. உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை, அது நல்லது. இருட்டுக்குக் கண் பழகும் வரை நின்று பார்க்க வேண்டிய இடம் அது. மகள் தேடும் ஓவியத்துக்கு ஆல்ச்சியும் தாபோவும் சமம் என்பேன். அங்கே போய்ச் சேரும் பாதையில் தாபோவே மேல்.

குறைகளும் உண்டு. சாலை கடினம், பல மணி நேரம் ஜீப்பிலோ அரசு பஸ்ஸிலோ குலுங்க வேண்டும். முதுகுவலி உள்ளவர்களுக்குச் சொல்ல மாட்டேன். ஜூலை, ஆகஸ்டில் கின்னோரில் மலை சரிகிறது. அந்த மாதங்களை விட்டுவிடுங்கள். தில்லியிலிருந்து தில்லிக்கு மட்டும் பத்து நாளாவது வேண்டும். காஸாவுக்கு மேலே கீ மடாலயம் 4,166 மீட்டர், லாங்சா கிராமம் 4,400 மீட்டர் அளவு. அங்கெல்லாம் பகலில் போய் மாலையில் காஸாவுக்கு இறங்கிவிட வேண்டும். உணவு எளிமையானது, துக்பா என்ற நூடுல்ஸ் சூப்பும் மோமோவும் பிடித்தால் கவலையில்லை, இல்லாவிட்டால் ரொட்டியும் பருப்பும்தான். மே மாதம் கத்திரி வெயிலில் வேலூர் கொதிக்கும்போது, பள்ளி விடுமுறையில் மட்டுமே போக முடியும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு நான்கு இடங்களில் இதுவே சிறந்தது. முதியவர் உடன் வந்தால் கல்பாவோடும் பாஸ்பா ஆற்றுப் பள்ளத்தாக்கோடும் நிறுத்திக்கொள்ளலாம். அதிலும் முழுமையான ஒரு பயணம் இருக்கிறது; தாபோ வரை போயே தீர வேண்டியதில்லை.

இனி சிக்கிம். வேலூர் காந்தி ரோட்டைச் சுற்றியுள்ள விடுதிகளில் வங்க எழுத்தில் பெயர்ப்பலகை தொங்குவதை நாம் அன்றாடம் பார்க்கிறோம். சி.எம்.சி. மருத்துவமனைக்குச் சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து தங்குகிறவர்கள் அவர்கள். சிலிகுரியில் ஜீப் எங்கே கிடைக்கும், டீஸ்டா நதிச் சாலை எந்த மாதம் சரியும் என்று விசாரிக்க வேலூர்க்காரர் இணையத்தில் தேட வேண்டியதில்லை. விடுதி வாசலில் தேநீர் குடிப்பவரோடு நட்பாகப் பேசினாலே போதும். நாம் போகும் ரயிலும் அவர்கள் ஊர் திரும்பும் ரயில்தான். கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் செல்லும் விவேக் எக்ஸ்பிரஸ் காட்பாடியில் நின்று நியூ ஜல்பாய்குரி வழியாகப் போகிறது. ஏறத்தாழ இரண்டு நாள் பயணம்.

வழக்கமான பேக்கேஜ் என்ன செய்கிறது? காங்டாக், சோம்கோ ஏரி, நாதுலா, லாச்சுங், யும்தாங் என்று ஓட வைக்கிறது. காங்டாக் 1,650 மீட்டர். நாதுலா கணவாய் 4,310 மீட்டர். ஒரே நாளில் 2,600 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குவது. சீன எல்லையைப் பார்க்கும் ஆர்வம் புரிகிறது. பெரியம்மாவுக்கு அது வேண்டாம். வட சிக்கிமில் 2023 அக்டோபரில் தெற்கு லோனாக் பனி ஏரி உடைந்து, சுங்தாங் அணையையே அடித்துக்கொண்டு போனது. அந்தப் பக்கத்துச் சாலைகள் அடிக்கடி மூடப்படுகின்றன. அங்கே போகிறவர்கள் கையில் ஓரிரு நாள் உபரியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் சொல்வது மேற்கு சிக்கிம். பெல்லிங் சுமார் 2,150 மீட்டர். ஊட்டியைவிடச் சற்றுத் தாழ்வு. அங்கே தூங்கி எழுந்து கதவைத் திறந்தால் எதிரே கஞ்சன்ஜங்கா, 8,586 மீட்டர், உலகின் மூன்றாவது உயரமான சிகரம். மற்ற மூன்று பகுதிகளிலும் பெரிய மலையைப் பார்க்க நாமும் உயரத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. இங்கே மலை நம்மைத் தேடி வந்து நிற்கிறது. மூச்சுத் திணறாமல் பனிமலை பார்க்க வேண்டும் என்று அண்ணி கேட்டதற்கு இதைவிட நேரான விடை எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சிகரம் சிக்கிம் மக்களுக்குத் தெய்வம். 1955இல் முதன்முதலில் ஏறிய பிரிட்டிஷ் குழுவினர், சிக்கிம் மக்களின் நம்பிக்கைக்கு மதிப்பளித்து உச்சிக்குச் சில அடி கீழேயே நின்றுவிட்டார்கள். இன்று சிக்கிம் பக்கத்திலிருந்து ஏறுவதற்கே தடை. ஆண்டுக்கொரு முறை பாங் லப்சோல் விழாவில் அதைக் காவல் தெய்வமாக வணங்கி ஆடுகிறார்கள். கஞ்சன்ஜங்கா தேசியப் பூங்காவை 2016இல் யுனெஸ்கோ அறிவித்தபோது, இயற்கைக்காகவும் பண்பாட்டுக்காகவும் சேர்த்தே அறிவித்தது. இந்தியாவில் அப்படிக் கலப்பு மரபுச் சின்னமானது அதுவே முதல். மலையைச் சுற்றி வந்து வணங்கும் ஊர்களில் வளர்ந்த நமக்கு, ஏறாமல் விட்ட ஒரு சிகரத்தின் பெருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பெல்லிங்கிலிருந்து பெமயாங்சே மடாலயம் நடந்து போகும் தூரம்தான். மேல் மாடியில் பத்மசம்பவரின் சுவர்க்கத்தை ஏழு அடுக்கு மரச்சிற்பமாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரே துறவி ஆண்டுக்கணக்கில் செய்த வேலை. பக்கத்தில் ரப்தென்சே, சிக்கிமின் இரண்டாம் தலைநகரம், காட்டுக்குள் கற்குவியலாகக் கிடக்கிறது. அங்கிருந்து யுக்சோம், 1642இல் சிக்கிமின் முதல் சோக்யால், அதாவது மன்னர், முடிசூட்டப்பட்ட ஊர். கல் அரியணை இன்னும் இருக்கிறது. ஹோம்ஸ்டேயில் தங்கினால் சோறு, பருப்பு, கீரை, புளிக்கவைத்த கீரையில் செய்யும் குந்த்ருக் சாறு. சோறு இல்லாமல் இரண்டு நாள் தாங்காத பெரியம்மாவுக்கு இது சின்ன விஷயமல்ல. லெப்சா, பூட்டியா, நேபாளி என்று மூன்று மக்கள் ஒரே சரிவில் வாழ்வதை ஹோம்ஸ்டே அடுப்படியில்தான் தெரிந்துகொள்ள முடியும். போகும்போதோ திரும்பும்போதோ டார்ஜிலிங்கில் இரண்டு இரவு தங்கி 1881 முதல் ஓடும் சிறு ரயிலில் கூம் வரை போனால் ஒன்பதாம் வகுப்பும் சமாதானமாகிவிடும்.

சிக்கிமின் பலவீனம் மேகம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடும் மழை, மண்சரிவு. மே மாதத்தில் ரோடோடெண்ட்ரான் பூக்கும். ஆனால் கஞ்சன்ஜங்கா பல நாள் முகம் காட்டாது, வங்காளத்துக் கோடை விடுமுறைக் கூட்டமும் இருக்கும். நம் காலாண்டு விடுமுறையும் ஆயுத பூஜையும் வரும் நாட்களில் அங்கே துர்கா பூஜைக் கூட்டம். மழையும் முழுதாக விலகியிருக்காது. அக்டோபர் இறுதி முதல் நவம்பர் வரை வானம் துடைத்தாற்போல இருக்கும். பள்ளியில் ஒரு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்தாவது அந்த நாட்களில் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெற்றோர் தயங்குவார்கள். அந்த ஒரு வாரப் பாடத்தை டிசம்பருக்குள் படித்துவிடலாம்.

பூட்டானைப் பற்றியும் அண்ணன் கேட்டான். அழகான நாடுதான், ஆனால் இந்தியர்களுக்கு ஆளுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் அரசுக் கட்டணம். ஐந்து பேர் ஒரு வாரம் தங்கும் கணக்கைப் போட்டுப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிட்டான்.

அண்ணன் வீட்டில் முடிவாகியிருப்பது இது: தீபாவளி கழித்து மேற்கு சிக்கிம், ஐந்து பேரும். ரயிலில் போய், திரும்பும்போது பாக்டோக்ராவிலிருந்து விமானம். பெல்லிங்கில் மூன்று இரவு, யுக்சோமில் இரண்டு, டார்ஜிலிங்கில் இரண்டு. நாதுலா இல்லை, வட சிக்கிம் இல்லை. மகளுக்குத் தாபோ, அவள் படிப்பு முடிவதற்குள் ஒரு மே மாதத்தில். பத்ரிக்கு அடுத்த ஆண்டு செப்டம்பர் இறுதி.

கிளம்புவதற்குள் செய்ய வேண்டியவை சில. ஆம்பூர்ப் பக்கம் நல்ல காலணி வாங்கி, ஒரு மாதமாவது கோட்டையைச் சுற்றி நடந்து காலுக்குப் பழக்கிவிடுங்கள். புதுக் காலணியோடு மலையில் இறங்கினால் இரண்டாம் நாளே கொப்புளம். கனமான குளிர் அங்கிகளை இங்கே விலைக்கு வாங்க வேண்டாம், அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். ரத்த அழுத்த மாத்திரையை இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். ரயில் டிக்கெட் இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. வடகிழக்கு ரயில்களில் நோயாளிகளும் தொழிலாளர்களும் நிறைந்திருப்பதால் திறந்த காலையிலேயே எடுத்துவிட வேண்டும். ஐந்து பேருக்கும் ஒரே டிக்கெட்டாக எடுத்தால் மூத்தோருக்கான கீழ் பெர்த் ஒதுக்கீடு கிடைக்காது. டிக்கெட் ஒன்றுக்கு இருவர் வரைதான் அந்த ஒதுக்கீடு. பெண்களுக்கு 45 வயதே போதும் என்பதால், பெரியம்மாவுக்கும் அண்ணிக்கும் தனி டிக்கெட்டாக எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.